மாசியில் வைக்கல், கார்த்திகையில் கும்பி: வன்னியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாசி மாதத்தில் பரந்தனிலிருந்து பூநகரிப் பக்கம் போனால் வயல்களில் கறுப்புக் கோடுகள் தெரியும். அறுவடை மெஷின் போன தடத்தில் வரிசையாக விழுந்த வைக்கலுக்கு நெருப்பு வைத்த இடம் அது. வன்னியில் சேதனக் கழிவைப் பற்றி என்ன பேசினாலும் அந்தக் கோட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஏக்கருக்கு 2 தொன் நெல் எடுத்தால் வைக்கலும் ஏறக்குறைய 2 தொன் வரும். அதில் சுமார் 30 கிலோ பொட்டாசியமும் 12 கிலோ நைதரசனும் இருக்கும். கடைக் கணக்கில் சொன்னால் பொட்டாசியப் பசளையான எம்ஓபி 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு மேல், யூரியா அரை மூட்டை. நெருப்பு வைத்தால் நைதரசன் அநேகமாக முழுதும் புகையோடு போய்விடும். பொட்டாசியம் பெரும்பாலும் சாம்பலில் மிஞ்சும், உண்மைதான். ஆனால் அந்தச் சாம்பல் வயல் முழுக்கப் பரவாமல் கோடு கோடாகக் கிடக்கும். சோளகக் காற்று அடித்தால் பக்கத்துக் காணிக்காரருக்குத்தான் லாபம்.

ஏன் எரிக்கிறீர்கள் என்று கேட்டால், “அடுத்த விதைப்புக்கு நேரமில்லை” என்பது வழக்கமான பதில். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் கோடைப் பயிரான சிறுபோகத்துக்கு எல்லாக் காணிக்கும் வருவதில்லை. கூட்டம் வைத்துப் பங்கு பிரித்துத்தான் கொடுக்கிறார்கள். பங்கு கிடைக்காத வயல் மாசியிலிருந்து புரட்டாதி வரை சும்மா கிடக்கும். மானாவாரிக் காணியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஏழு மாதம் சும்மா கிடக்கும் வயலுக்கு என்ன அவசரம்? வைக்கலைத் தடத்திலிருந்து கலைத்துப் பரப்பிவிட்டு மாட்டை உள்ளே விட்டால் போதும். தின்றது போக மிச்சத்தில் கறையானும் பங்கு கேட்கும். கேட்கட்டும், நெருப்பைவிட அது பரவாயில்லை.

எரிக்காதவர்களும் ஒரு பிழை விடுகிறார்கள். விதைப்புக்கு இரண்டு நாள் இருக்கும்போது வைக்கலை உழுது மூடுவார்கள். அதை உக்கவைக்கும் நுண்ணுயிர்கள் தங்களுக்குத் தேவையான நைதரசனை மண்ணிலிருந்தே எடுக்கும். பயிர் மஞ்சளாகும். நோய் என்று நினைத்து மருந்து அடிப்போம். அதற்கு மேல் தண்ணீரும் கட்டிவிட்டால் சேற்றில் கூழ்முட்டை நாற்றம் வரும், மெதேன் வாயு குமிழியாகக் கிளம்பும். ஈரம் இருக்கும்போதே, தண்ணீர் கட்டுவதற்கு முன், விதைப்புக்கு இரண்டு மூன்று கிழமை விட்டு உழுதால் இந்தத் தொல்லை குறையும்.

கூட்டெரு விஷயத்தில் நான் பட்டுத்தான் அறிந்தேன். 2021 மே மாதம் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடுத்தபோது நானும் கிணற்றடிக்குப் பின்னால் கும்பி, அதாவது உக்கவைக்கும் குவியல், கட்டினேன். முழுக்க வைக்கல், மேலே இரண்டு கடகம் மாட்டெரு. நவம்பரில் தடையை எடுத்துவிட்டார்கள். என் கும்பி இன்னும் வைக்கலாகவே இருந்தது. கோழி கிளறியதுதான் நடந்த ஒரே மாற்றம்.

பிழை கலவையில். வைக்கலில் நைதரசன் ஒரு பங்குக்குக் காபன் 60 முதல் 80 பங்கு வரை இருக்கும். கும்பி சூடேற 25, 30 அளவுக்கு அது இறங்க வேண்டும். பச்சைச் சாணமும் வேலியில் வெட்டிய கிளிசரிடியா இலையும் அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வோர் அடுக்குக்கும் தண்ணீர் தெளித்தால்தான் இறங்கும். அடுத்த முறை பக்கத்து வளவு அப்பு வந்து, “தம்பி, அலவாங்கைக் குத்திப் பார்” என்றார். ஐந்து நிமிடம் குத்திவைத்து இழுத்தேன். நுனியைப் பிடிக்க முடியாத சூடு. “ம், இனிப் பிரட்டு” என்றுவிட்டுப் போனார். ஈரத்துக்கும் ஒரு சோதனை உண்டு: ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் விரல் நனைய வேண்டும், தண்ணீர் ஒழுகக் கூடாது.

கார்த்திகை மழையில் கும்பியைத் திறந்து விடாதீர்கள். அடியிலிருந்து தேத்தண்ணி நிறத்தில் ஓடுவது பசளை. கிடங்கு கோடைக்கு, கும்பி மாரிக்கு. மாரியில் மேட்டில் கட்டி, கிடுகால் மூடிவிடுங்கள்.

சாணத்திலிருந்து சமையல் எரிவாயு எடுக்க உயிர்வாயுத் தொட்டி போடுபவர்கள் மாட்டைத் தலைக்கணக்கில் எண்ணுவார்கள். வன்னி மாடு பகலெல்லாம் காட்டிலும் குளக்கரையிலும் நிற்கும். பட்டியில் கிடைப்பது இரவுச் சாணம் மட்டும், மாட்டுக்கு 4, 5 கிலோ. ஒரு குடும்பச் சமையலுக்கு நாளுக்கு 40 கிலோ சாணம் வேண்டும் என்று வைத்தால் எட்டுப் பத்து மாடாவது இரவில் கட்ட வேண்டும். மூன்று மாட்டை நம்பிப் பெரிய தொட்டி கட்டினால் அடுப்பு பாதிச் சோற்றில் அணையும். கரைக்க அதே அளவு தண்ணீரும் தேவை. ஆவணியில் கிணறு அடி தெரியும்போது 40 லீற்றர் அள்ளுவது யார் என்று முதலே வீட்டில் பேசிக்கொள்ளுங்கள். வெளிவரும் கரைசலை வெயிலில் காயவிட்டால் நைதரசன் பறந்துவிடும். நிழலில் தேக்கி, ஈரத்தோடே வயலுக்கு விடுவது நல்லது.

உமியைப் பச்சையாகக் கும்பியில் கொட்டுவதில் பயனில்லை, சிலிக்கா கூடியதால் இலேசில் உக்காது. முதலில் கோழிக் கூட்டில் விரிப்பாகப் போடுங்கள். எச்சம் ஊறிய பிறகு கும்பிக்கு வரட்டும். சுழற்சிப் பொருளாதாரம் என்று இப்போது சொல்வது இதைத்தான்: மண்ணுக்குப் போகுமுன் ஒரு பொருளிடம் இன்னொரு வேலை வாங்குவது. உமியைக் கரியாக்குவதானால் கறுப்பாக இருக்கும்போதே தண்ணீர் ஊற்றி அணைக்க வேண்டும். வெள்ளையாகிவிட்டால் அது வெறும் சாம்பல்.

கடைசியாக லஞ்ச் சீற், சோற்றுப் பார்சல் சுற்றும் மெல்லிய பொலித்தீன் தாள். சமையற் கழிவோடு அது ஒன்று சேர்ந்தால் பிரட்டப் பிரட்டக் கிழிந்து, பொறுக்கவே முடியாத துண்டுகளாகிவிடும். சந்தைக் கழிவில் செய்தது என்று இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ட்ரக்டர் பெட்டி எரு வாங்கினேன். கத்தரிப் பாத்தியைக் கொத்தும்போதெல்லாம் இன்னும் அந்தத் துண்டுகள் மண்வெட்டியில் சுற்றிக்கொண்டு வருகின்றன.