ஊரில் விழுந்த போர்க்கால விமானம்: விவரம் திரட்டும் முறை

இரண்டாம் உலகப்போரில் இங்கிலாந்துக் கிராமங்களில் விழுந்த விமானங்கள் ஏராளம். பெரியவர்கள் காட்டும் இடம் பெரும்பாலும் சரியாக இருக்கும். தேதியும் விமான வகையும்தான் பிசகும். ஆகவே முதலில் விமானத்தின் வரிசை எண்ணைப் பிடியுங்கள். ஆவணங்கள் அந்த எண்ணை வைத்துத்தான் ஒன்றோடொன்று பொருந்தும்.

அடுத்து, அது எந்த நாட்டு விமானம், என்ன வேலையாகப் பறந்தது என்று பாருங்கள். லங்காஷயரின் ஃப்ரெக்கிள்டனை எடுத்துக்கொள்வோம். 1944 ஆகஸ்ட் 23 காலை, பக்கத்து வார்ட்டன் தளத்திலிருந்து சோதனைக்காகக் கிளம்பிய அமெரிக்க பி-24 லிபரேட்டர் குண்டுவீச்சு விமானம் (வரிசை எண் 42-50291), இடிமழையில் தளம் திரும்பும்போது ஊர் நடுவே விழுந்தது. ஹோலி டிரினிட்டி பள்ளியின் சிறுவர் பிரிவு தீக்கிரையானது. இறந்த 61 பேரில் 38 பேர் பள்ளிப் பிள்ளைகள்.

இதற்கு பிரிட்டிஷ் விமானப்படையின் விபத்து அட்டையைத் தேடினால் கிடைக்காது. போருக்குப் போய்த் திரும்பாத அமெரிக்க விமானக் குழுக்களுக்கான அறிக்கைத் தொகுப்பிலும் இருக்காது, இது சோதனைப் பறப்பு. கேட்க வேண்டியது அமெரிக்க ராணுவ விமானப்படையின் விபத்து விசாரணை அறிக்கை. அலபாமாவின் மேக்ஸ்வெல் தளத்து வரலாற்று ஆய்வகத்தில் அவ்வகை அறிக்கைகள் உள்ளன. இவ்வறிக்கைகளில் காரணத்தோடு பரிந்துரைகளையும் படியுங்கள். பிரிட்டிஷ் புயல் வெறும் தூறல்தான் என்று அமெரிக்க விமானிகள் பலர் நினைத்திருந்ததை ஃப்ரெக்கிள்டன் விசாரணை குறித்துவைத்திருக்கிறது. ஊர்க் கதையில் இது வராது.

பிரிட்டிஷ் விமானமானால் விபத்து அட்டை (படிவம் 1180) லண்டன் ஹெண்டனில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் கிடைக்கும். ஸ்குவாட்ரன் (விமானப்படைப் பிரிவு) நாட்குறிப்பு லண்டன் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏர் 27 (AIR 27) என்ற ஆவண வரிசையில் இருக்கிறது. பயிற்சிப் பிரிவு என்றால் ஏர் 29. போர்முனையில் விழுந்ததைவிடப் பயிற்சியில் விழுந்தவை கிராமங்களில் அதிகம் என்பதால், ஏர் 27-இல் இல்லை என்று பாதியில் விட்டுவிடாதீர்கள்.

தேதி இரண்டு வழிகளில் தவறும். இரவுத் தாக்குதலுக்குப் போன விமானத்துக்கு நாட்குறிப்பில் கிளம்பிய தேதி இருக்கும். அது விழுந்தது நள்ளிரவு தாண்டி. இன்னொன்று, 1941 முதல் 1945 வரை பிரிட்டனில் கோடைக்காலக் கடிகாரம் கிரீன்விச் நேரத்துக்கு 2 மணி முன்னால் ஓடியது. எந்தக் கணக்கில் எழுதினார்கள் என்று பார்க்காமல் இரண்டு பதிவுகளை ஒப்பிட்டால் ஒரே விபத்து இரண்டாகத் தெரியும்.

வரைபடத்திலும் ஒரு வலை உண்டு. அன்றைய ராணுவக் கட்ட எண்கள் காசினி என்ற பழைய வரைபடக் கட்ட முறையைச் சேர்ந்தவை. பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்டினன்ஸ் சர்வேயின் இன்றைய வரைபடத்தில் அப்படியே குறித்தால் இடம் எங்கோ போய் நிற்கும். மாற்றிவிட்டுக் குறியுங்கள். பிறகு கவுன்டி (மாவட்ட) ஆவண மையத்தில் பள்ளிப் பதிவேடு, அடக்கப் பதிவேடு, காவல்துறைக் குறிப்புகளைக் கேளுங்கள். தணிக்கை இருந்ததால் செய்தித்தாளில் ஊர்ப்பெயர் இல்லாமலும் செய்தி வந்திருக்கும். தேதியை வைத்துத் தேடுங்கள்.

வயலில் இறங்கும் முன் சட்டம். 1986-ஆம் ஆண்டு ராணுவ எச்சங்கள் பாதுகாப்புச் சட்டப்படி, ராணுவப் பணியில் விழுந்த எந்த நாட்டு விமானமும் பிரிட்டனில் பாதுகாக்கப்பட்டது. நில உரிமையாளர் சம்மதித்தாலும், பாதுகாப்பு அமைச்சக உரிமம் இல்லாமல் தோண்டுவது குற்றம். விண்ணப்பத்தைக் குறைந்தது 3 மாதம் முன்பே அனுப்புங்கள். உடல் எச்சமோ வெடிக்காத குண்டோ இருக்கும் எனத் தோன்றினால் உரிமம் தரமாட்டார்கள்.

மேற்பரப்பில் தோட்டா கிடந்தால் தொடாதீர்கள், காவல்துறைக்குச் சொல்லுங்கள். இருளில் ஒளிரும் பூச்சுள்ள கருவி முகப்புகளில் ரேடியம் இருக்கும். சுரண்டினால் தூள் மூச்சில் ஏறும். உரிமத்தோடு எடுத்த அலுமினியத்தைச் சலவைச் சோடாவில் ஊறவைக்க வேண்டாம், காரம் உலோகத்தையே தின்றுவிடும். முதலில் படம் எடுத்து, மண்ணை மென்மையான தூரிகையால் நீக்குங்கள். பாகத்தில் குத்திய எண் தெரிந்ததும் எழுதிக்கொள்ளுங்கள். 300 என்று தொடங்கினால் ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் போர் விமானமாக இருக்க வாய்ப்பு அதிகம்.