லீசிங் கடிதமும் 2 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரமும்

ஓட்டோ லீசிங் நிலுவைக் கடிதம் வந்ததிலிருந்து எனக்கு ஜெபம் ஓடவில்லை. "ஆண்டவரே" என்று தொடங்கினால் அடுத்த நொடியே மனம் தவணைக் கணக்குப் போடும்.

உபவாசம் இருந்தேன், பசியோடு அதே கணக்கு. விடியற்காலையில் உப்புவெளிக் கடற்கரையில் நடந்து ஜெபித்தேன்; மீன் விலை கேட்டு வந்ததுதான் மிச்சம். விசுவாசம் குறைவு என்றார் தெரிந்த அண்ணர் ஒருவர். சரி, அதை வைத்து நான் என்ன செய்ய?

வேதாகமத்தில் 2 இராஜாக்கள் 19-இல், யூதாவின் ராஜா எசேக்கியா, அசீரிய ராஜா சனகெரிப்பின் மிரட்டல் கடிதத்தை ஆலயத்தில் கர்த்தருக்கு முன் விரித்து வைத்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. பலர் தாண்டிப் போவது 17-ஆம் வசனம்: அசீரியர் தேசங்களை நாசமாக்கியது மெய்தான் என்று ஜெபத்திலேயே ஒப்புக்கொள்கிறான். "எங்களை இரட்சியும்" என்பது 19-ஆம் வசனத்தில்தான் வருகிறது.

அதே வரிசையில் நானும் போனேன். கடிதத்தை மேசையில் விரித்து, சுருண்ட மூலையில் தேத்தண்ணிக் கோப்பையை வைத்து, வரி வரியாகச் சத்தமாக வாசித்தேன். நிலுவை இவ்வளவு, மெய்தான். கட்டாவிட்டால் ஓட்டோவை எடுப்பார்கள், அதுவும் மெய்தான். அப்புறம்தான் உதவி கேட்டேன். கணக்கு முழுவதும் ஜெபத்துக்குள்ளேயே வந்துவிட்டதால் மனம் ஓட வேறு இடமில்லை.

தவணையை மாற்றித் தரும்படி எழுத்தில் கேட்கலாம் என்று கடைசிப் பந்தியில் இருந்ததும் அப்போதுதான் கண்ணில் பட்டது. எழுதிக் கொடுத்தாயிற்று. பதில் இன்னும் வரவில்லை. ஜெபம் தடங்கலில்லாமல் போகிறது.