பைட்டுக்கு வெறும் 'சார்' போதாது
சி மொழியில் கோப்பிலிருந்தோ சென்சாரிலிருந்தோ வரும் பைட்டுகளை வெறும் 'சார்' (char, ஒரு பைட் அளவுள்ள மாறி வகை) என்று அறிவிக்காமல், 'அன்சைன்ட் சார்' (unsigned char, மைனஸ் மதிப்பே இல்லாத வகை) என்றே எழுதிவிடுங்கள். வெறும் சாருக்கு மைனஸ் மதிப்பு உண்டா இல்லையா என்பதை சி தரநிலை கம்பைலரிடமே விட்டுவிட்டது. லினக்ஸில் ஜிசிசி என்ற கம்பைலர் வழக்கமாக எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி சிப்) கணினியில் உண்டு என்றும், ஆர்ம் சிப் உள்ள போர்டில் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளும். அதனால் 255 ஆக வந்த பைட் கணினியில் -1 ஆகிவிடும், 'இது 255-ஆ?' என்ற சோதனை அங்கே ஒருநாளும் தேறாது. போர்டிலோ அதே வரி ஒழுங்காக ஓடும், கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

சாதாரண ஸ்ட்ரிங்குகளுக்கு இது வேண்டாம். ஸ்ட்ரிங் ஃபங்ஷன்கள் வெறும் சாரைத்தான் கேட்கும், மாற்றினால் வார்னிங் குவியும். அப்புறம், ஒவ்வொரு எழுத்தாகப் படித்துத் தரும் 'கெட்சார்' (getchar) ஃபங்ஷன் தருவதை இன்ட்டில்தான் (int, முழு எண் வகை) வாங்க வேண்டும்; அன்சைன்ட் சாரில் வாங்கினால், முடிவைச் சொல்லும் மைனஸ் மதிப்பு அதில் நிற்காது, கோப்பு முடிந்ததே நிரலுக்குத் தெரியாது.