வயதானவர்களுக்கு ஃப்ளூ ஊசி: உடல் மெதுவாகத்தான் பதில் சொல்லும்

இருபது வயதுப் பேரனுக்கும் எழுபத்தைந்து வயதுப் பாட்டிக்கும் ஊசியளவு ஒன்றுதான், 0.5 மி.லி. உடல் சொல்லும் பதில்தான் வேறு. நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பி வயதாக ஆகச் சுருங்கிக் கொழுப்பாகிவிடும். புதுக் கிருமியை இனம் காணும் டி செல்கள் அங்கேதான் தேறி வரும். அந்த வரத்து குறைவதால் கிருமியை எதிர்க்கும் ஆன்டிபாடியும் குறைவாகவே உண்டாகிறது, சீக்கிரம் வடிந்தும் போகிறது. அதனால் வயதானவர்களுக்கு எப்போது, எப்படி ஊசி போடுகிறோம் என்பதில் கவனம் வேண்டும்.

ஊசி வேலை செய்யச் சுமார் இரண்டு வாரம் ஆகும். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு மழை. ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் முன், மே நடுவுக்குள் போட்டுவிடுவது நல்லது. தவறினால் ஐப்பசி மழைக்கு முன், செப்டம்பரில் போடலாம். மே மாதம் போட்டதன் பலன் ஆண்டுக் கடைசியில் தேய்ந்திருக்கும். அதற்காக நீங்களாகவே இரண்டாவது ஊசி போடாதீர்கள், மருத்துவரிடம் கேளுங்கள். வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் ஆண்டுதோறும் புது ஊசி தேவை. பெட்டியில் எந்தப் பருவத்துக்கான மருந்து, எப்போது காலாவதி என்று பார்த்து வாங்குங்கள்.

வீணாவது பெரும்பாலும் வழியில்தான். மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். நாகர்கோவிலில் வாங்கி, சட்டைப் பையில் வைத்துப் பஸ்ஸில் குலசேகரம் கொண்டுபோவது கூடாது. ஐஸ் பேக்கோடு ஒட்டி வைத்தால் உறைந்துபோகும், அதுவும் கெடுதல். துண்டில் சுற்றி வையுங்கள். உறைந்து உருகிய மருந்தைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. ஃபிரிட்ஜில் மருந்து வைத்திருக்கும் கிளினிக்கிலேயே போட்டுக்கொள்வதுதான் பாதுகாப்பு.

போகும்போது பாட்டிக்குத் தளர்ந்த கையுள்ள ரவிக்கை போட்டுவிடுங்கள். இறுக்கமான கை முழுசாக ஏறாது, ஊசி கீழே இறங்கிவிடும். தோள் எலும்பின் நுனியிலிருந்து இரண்டு மூன்று விரல் கீழே, தசை தடித்த இடத்தில் இறங்க வேண்டும். ரொம்ப மேலே குத்தினால் மூட்டுக்குள் போய் வாரக்கணக்கில் தோள் வலிக்கும். முடிந்தால் காலையில் போடுங்கள்: 2016இல் வெளிவந்த இங்கிலாந்து ஆய்வு ஒன்றில், 65 வயதுக்கு மேற்பட்டோரில் காலையில் போட்டவர்களுக்குச் சில வைரஸ் வகைகளுக்கு எதிரான ஆன்டிபாடி கூடுதலாக இருந்தது.

வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுபவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மெல்லிய ஊசியால் போட்டு, தேய்க்காமல் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். கடுமையான காய்ச்சல் இருந்தால் தள்ளிப்போடுங்கள். முந்தைய ஊசிக்குக் கடும் ஒவ்வாமை வந்திருந்தாலோ, அதைப் போட்ட ஆறு வாரத்துக்குள் கை கால் தளர்ந்திருந்தாலோ மருத்துவரிடம் சொல்லாமல் போடக் கூடாது.

போட்டபின் அரைமணி நேரம் அங்கேயே உட்காருங்கள். காய்ச்சல் வராவிட்டால் ஊசி பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை. காய்ச்சல் வரும் என்று பயந்து முன்னாடியே பாராசிட்டமால் கொடுக்கவும் வேண்டாம்.

கூட இருப்பவர்களும், முக்கியமாகப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும், போட்டுக்கொண்டால் கிருமி வீட்டுக்குள் வருவதே குறையும். ஊசி போட்ட பிறகும் ஃப்ளூ வரலாம். வயதானவர்களுக்குக் காய்ச்சலே காட்டாமலும் வரும். சாப்பாடு வேண்டாம் என்று தள்ளுவது, பேச்சு தடுமாறுவது, நடக்கையில் விழுவது, இவைதான் சில நேரம் முதல் அறிகுறி. அன்றே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். ஃப்ளூவுக்கான ஒசெல்டாமிவிர் மாத்திரையை அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும்.