வளவில் விழும் மழைநீரை வீணாக்காதீர்கள்

தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு அமைப்பு இருக்க வேண்டும் என்பது 2003 முதல் சட்டம். ஆகையால், செட்டிநாட்டில் பழைய வீட்டைப் புதுப்பிப்பவரும் புது வீடு கட்டுபவரும் வரைபட அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போதே குழாய் இறங்கும் இடத்தையும் உறிஞ்சுகுழியையும் வரைபடத்தில் காட்டிவிடுவது நல்லது.

நம் வீடுகளில் நாட்டு ஓட்டுச் சரிவெல்லாம் வளவு எனப்படும் நடு முற்றத்தை நோக்கியே இறங்குவதால், பாதி வேலையை முன்னோர்களே முடித்து வைத்திருக்கிறார்கள். கூரையோரத் தகரத் தூம்பின் கீழ் அண்டாவை வைத்து நீர் பிடித்த வழக்கம் பலருக்கும் நினைவிருக்கும். 1,000 சதுர அடிக் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 900 லிட்டர் நீர் விழுகிறது. சிந்தியதும் ஓடு உறிஞ்சியதும் போக 700 லிட்டராவது கிடைக்கும்.

ஐப்பசி அடைமழைக்கு முன்பே தூம்பில் அடைந்திருக்கும் வேப்பஞ்சருகையும் புறா எச்சத்தையும் துடைத்தெடுங்கள். முதல் மழையின் கலங்கல் நீரைத் தனிக் குழாய் வழியே வெளியேற்றிவிட்டு, அதன் பிறகு வரும் நீரைக் கூழாங்கல், மணல், அடுப்புக்கரி அடுக்கிய வடிதொட்டியில் விடுங்கள். கொசு புகாதபடி தொட்டியின் வாயை வலையால் மூடுவது அவசியம். நிரம்பி வழிவதைக் கிணற்றடிக் குழிக்குத் திருப்பலாம். ஆனால் அக்குழி கழிவுநீர்த் தொட்டிக்கு அருகில் இருக்கவே கூடாது.