அப்பா வழிப் பாட்டியையும் எழுதுங்கள்

"நம்ம வீட்டுல யாருக்கும் அந்த நோவு கிடையாது" என்று அம்மா சொன்னதை நம்பியே முப்பத்திரண்டு வயது வரை இருந்துவிட்டேன். அம்மா சொன்னது பொய்யில்லை. அவருக்கு நம்ம வீடு என்றால் அணைக்கட்டு என்ற ஊரில் இருக்கும் பிறந்த வீடு. அப்பா வழி அந்தக் கணக்கிலேயே வராது.

மார்பகப் புற்று வரும் வாய்ப்பு உங்களுக்கு எப்படி என்று டாக்டரிடம் கேட்கப் போகிறீர்களா? அதற்கு முன் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். ஒரு பக்கம் அம்மா வழி, மறு பக்கம் அப்பா வழி. இந்தப் புற்று வரும் வாய்ப்பைக் கூட்டும், பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற மரபணுக்களில் உள்ள கோளாறு அப்பாவிடமிருந்தும் வரும். அவர் கல்லுக்குண்டு மாதிரி இருந்தாலும், அவரிடம் அது இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு.

யாருக்கு வந்தது என்பதோடு எந்த வயதில் வந்தது என்றும் எழுத வேண்டும். ஐம்பதுக்கு முன்னால் வந்திருந்தால் அதற்குத் தனி கனம். ஆனால் பழைய ஆட்களின் வயது யாருக்குத் தெரியும்? வைகாசி ஒன்று, குடியாத்தம் சிரசுத் திருவிழா. சொந்தமெல்லாம் கூடியிருந்தது. அத்தையைப் பிடித்தேன்.

"பாட்டிக்கு மார்ல கட்டி வந்தது எப்போ அத்தை?"

"எம்ஜிஆர் செத்த வருஷம்மா. எனக்கு இருபத்திரண்டு, கைக்குழந்தை வெச்சிருந்தேன்."

"நீங்க பிறந்தப்ப பாட்டிக்கு?"

"பதினெட்டு. நான்தானே தலைச்சன்."

1987இல் பாட்டிக்கு நாற்பது! தேதி கேட்காதீர்கள், சம்பவம் கேளுங்கள்.

"வயித்துல கட்டி" என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். சினைப்பைப் புற்று என்றால் அதுவும் இந்த மரபணுக் கதையோடு சேரும். கர்ப்பப்பை வாய்ப் புற்று பெரும்பாலும் ஒரு வைரஸால் வருவது, அது வேறு கணக்கு.

அப்புறம் உங்கள் பங்கு. வயதுக்கு வந்தது எப்போது (மஞ்சள் நீராட்டு ஆல்பத்தில் தேதி இருக்கும்), முதல் பிள்ளை எந்த வயதில், எத்தனை மாதம் பால் கொடுத்தீர்கள், மாதவிலக்கு நின்றபின் ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டீர்களா, முன்பு மார்பில் கட்டி எடுத்துச் சோதித்ததுண்டா. சின்ன வயதில் நெஞ்சுக்குக் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்திருந்தால் கட்டாயம் எழுதுங்கள். மாதவிலக்கு நின்றபின் கூடும் எடையும், மதுவும் வாய்ப்பைக் கூட்டும். இறுக்கமான உள்ளாடை, கண்ணேறு எல்லாம் தாளில் வேண்டாம்.

தாள் வெறுமையாக இருந்தால் தப்பித்தோம் என்று நினைக்காதீர்கள். இந்த நோய் வந்த பெண்களில் பெரும்பாலோர் குடும்பத்தில் வேறு யாருக்கும் வந்ததில்லை. பெண்ணாக இருப்பதும் வயது ஏறுவதும்தான் பெரிய காரணங்கள். முப்பது தாண்டியவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கையால் பரிசோதிப்பார்கள். கட்டி, காம்பு உள்ளிழுத்தல், காம்பில் ரத்தம் என்று எதையாவது பார்த்தால் தாள் நிரம்பும் வரை காத்திருக்காமல் உடனே போங்கள்.

என் தாளை வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு எடுத்துப் போனேன். மரபணுச் சோதனையை நோய் வந்தவரிடம் முதலில் செய்வதுதான் நல்லது, அவர் இல்லாவிட்டால் அவருக்கு நெருங்கிய ரத்த சொந்தம் என்றார் டாக்டர். வெளியே வந்ததும் அத்தைக்குப் போன் போட்டேன். என்னைவிடப் பாட்டிக்கு ஒரு படி நெருக்கம் அவர். அறுபது வயதாகிறது, இதுவரை ஒருமுறைகூடக் காட்டியதில்லை.

"எனக்கென்னம்மா, நல்லாத்தானே இருக்கேன்" என்றார். வெள்ளிக்கிழமை குடியாத்தம் பஸ் ஏறுகிறேன்.