வீட்டுப் பட்டறைக்குப் பெரிய லேத்: பழையதைச் சோதித்து வாங்குவது எப்படி?

மேசைமேல் வைக்கும் மினி லேத்தின் (உலோகத்தைச் சுழற்றிக் கடையும் இயந்திரம்) எல்லை சீக்கிரமே தெரிந்துவிடும். 60 மி.மீ. எஃகுத் தண்டில் ஒரு மி.மீ. ஆழம் வைத்தாலே அதிர்கிறது. தண்டைத் துண்டிக்கும் பார்ட்டிங் டூல் பாதி உள்ளே போனதும் கடித்துக்கொண்டு நிற்கிறது. அடுத்து மனம் போவது பெரும்பாலும் நாலரை அடி அல்லது ஆறடி லேத்துக்குத்தான். ராஜ்கோட், பட்டாலா தயாரிப்புகள் புதிதாகவே கிடைக்கும். கோவை போன்ற ஊர்களில் பட்டறைகள் கணினி இயக்கும் சி.என்.சி.க்கு மாறும்போது எச்.எம்.டி., கிர்லோஸ்கர், பி.எஸ்.ஜி. பெயர் தாங்கிய பழைய லேத்துகளும் விலைக்கு வருகின்றன. பெட் (மற்றப் பகுதிகள் அமர்ந்து ஓடும் நீண்ட அடித்தளம்) தேயாத கனத்த பழைய லேத், அதே விலையில் வரும் இலேசான புதியதைவிட மேல். ஆனால் பெட்டோ, உருப்படியைச் சுழற்றும் ஸ்பிண்டிலோ கெட்டிருந்தால் வீட்டில் வைத்துச் சரிசெய்ய வழியில்லை. மற்றதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நம் ஊரில் லேத்தை பெட்டின் நீளத்தைச் சொல்லித்தான் விற்பார்கள். ஆறடி லேத்தில் உருப்படியை இரு முனையிலும் தாங்கும் சென்டர்களுக்கு இடையே கிடைப்பது ஏறத்தாழ மூன்றடி. நாலரை அடியில் 500 முதல் 600 மி.மீ. வலது முனையில் நகரும் டெயில்ஸ்டாக்கில் ட்ரில் சக்கும் 12 மி.மீ. ட்ரில்லும் ஏறினால் அதிலும் 200 மி.மீ. வரை போய்விடும். அடுத்தது சென்டர் உயரம், அதாவது பெட்டிலிருந்து சுழலும் அச்சு வரையான உயரம். எச்.எம்.டி. லேத்துகளில் பெயரிலேயே அது இருக்கும்: எல்.பி.17 என்றால் 170 மி.மீ., என்.எச்.22 என்றால் 220 மி.மீ. பெட்டுக்கு மேல் சுழலும் விட்டம் இதன் இரு மடங்கு. டூலைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடுக்கு மேல் அதில் பாதிக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் இடம் இருக்கும். நீளமான உருப்படிக்கு அந்த அளவே கணக்கு.

பொழுதுபோக்காகக் கடைபவருக்கு மூன்றடி நீளம் தேவைப்படுவது அபூர்வம். ஸ்பிண்டில் துளை பெரிதாக இருந்தால் அதன் பயன் தினமும் தெரியும். 40 மி.மீ. துளை இருந்தால் முழுத் தண்டையும் பின்னாலிருந்து நுழைத்து, துண்டு வெட்டாமலே வேலை செய்யலாம். சிறிய துளையுள்ள ஆறடியைவிடப் பெரிய துளையுள்ள நாலரை அடியையே எடுங்கள்.

வேகத்துக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. நிமிடத்துக்கு இத்தனை மீட்டர் என்ற வெட்டு வேகத்தை 318-ஆல் பெருக்கி, மி.மீ.யில் விட்டத்தால் வகுத்தால் ஆர்.பி.எம். வரும். 10 மி.மீ. மைல்டு ஸ்டீலை எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூலால் 28 மீட்டரில் கடைய 890 ஆர்.பி.எம். வேண்டும். 100 மி.மீ. வார்ப்பிரும்பை 20 மீட்டரில் கடைய 64 போதும். இந்த இரண்டு முனையும் ஒரே லேத்தில் கிடைக்க வேண்டும். பட்டை பெல்ட் ஓடும் கோன் புல்லி லேத்துகளில் பேக் கியர் இருப்பதால் குறைந்த வேகம் கிடைத்துவிடும். உச்ச வேகம்தான் பலவற்றில் 500, 600-ஐத் தாண்டாது. சிறிய வேலை அதிகமென்றால் வேகத்தைக் கியரிலேயே மாற்றும் ஆல் கியர்டு லேத்தே சரி.

மோட்டார் தகட்டைப் படிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். வீட்டுக்கு மூன்று ஃபேஸ் இணைப்பு இருந்தால் சிக்கலில்லை. சிங்கிள் ஃபேஸ் என்றால் வி.எஃப்.டி. (சிங்கிள் ஃபேஸை மூன்று ஃபேஸாக்கி, வேகத்தையும் மாற்றும் கருவி) வைக்க வேண்டும், அது தருவது 230 வோல்ட் மூன்று ஃபேஸ். 415 வோல்ட்டுக்கு ஸ்டார் இணைப்பு என்று தகட்டில் இருந்து, ஆறு முனைகளும் வெளியே வந்திருந்தால், டெல்டாவாக மாற்றி ஓட்டலாம். 415 வோல்ட்டுக்கே டெல்டா என்று இருந்தால் அந்த மோட்டார் பலமிழந்து சூடேறும். வேறு மோட்டார் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள். பழைய ஃபார்வர்டு-ரிவர்ஸ் சுவிட்சை வி.எஃப்.டி.க்கும் மோட்டாருக்கும் நடுவில் விட்டுவைக்கக் கூடாது. ஓட்டத்தில் திருப்பினால் வி.எஃப்.டி. எரிந்துபோகும். உருப்படியைக் கவ்வும் சக் மரை மூலம் ஏறும் ஸ்பிண்டில் என்றால் சட்டென்று பிரேக் பிடிக்கும்படி அமைக்கவும் கூடாது. சக் கழன்று காலில் விழும்.

பார்க்கப் போகும்போது, நுண்ணிய அசைவைக் காட்டும் டயல் கேஜும் மேக்னடிக் ஸ்டாண்டும் கையில் இருக்கட்டும். புதுப் பெயின்ட் பளபளத்தால் இன்னும் கவனம் தேவை. எண்ணெய்த் துளையையே மூடிப் பெயின்ட் அடித்திருப்பார்கள். பெட்டின் வி வடிவ மேட்டைத் துடைத்துவிட்டு, சக்குக்கு அருகே நகத்தைக் குறுக்கே இழுங்கள். தேய்மானம் பெரும்பாலும் அந்த ஓரடிக்குள்தான். சாடில் (டூலைச் சுமந்து பெட்டில் ஓடும் பகுதி) ஓடாத விளிம்பில் நகம் படி போலத் தடுக்கினால் பெட் நன்றாகத் தேய்ந்திருக்கிறது. பிறகு சாடிலைச் சக்குக்கு அருகே நிறுத்தி, அதன் பூட்டை இலேசாக இறுக்கி, டெயில்ஸ்டாக் பக்கம் உருட்டுங்கள். போகப் போகக் கை கனத்து, பாதியில் நின்றுவிட்டால் அது வேண்டாம்.

ஸ்பிண்டிலைப் பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். சக்கைக் கழற்றி, சக் உட்காரும் பரப்பில் டயல் வைத்துக் கையால் சுற்றினால் 0.01 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். மறுபடி சக்கை மாட்டி, அதில் அரை மீட்டர் கம்பியைப் பிடித்து, ஸ்பிண்டில் மூக்கில் டயல் வைத்துக் கம்பியை மேலே தூக்குங்கள். 0.03 மி.மீ.க்கு மேல் ஆடினால் பேரிங்கை இறுக்கச் சொல்லி மறுபடி பாருங்கள். இறுக்கியும் ஆடினால் விட்டுவிடலாம். ஸ்பிண்டில் இருக்கும் ஹெட்ஸ்டாக்கின் மூடியைத் திறந்து கியர் பற்களைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பது அவசியம். எண்ணெய் பால்போல இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

கிராஸ் ஸ்லைடு கைப்பிடியில் கால் மி.மீ. பேக்லாஷ் (திருப்பும்போது வரும் வெற்றாட்டம்) இருந்தால் பயப்பட வேண்டாம்; கன்மெட்டல் நட்டைப் புதிதாகக் கடைந்து போட்டுக்கொள்ளலாம். நடுவில் அதிகமாகவும் ஓரத்தில் குறைவாகவும் இருந்தால் ஸ்க்ரூவே தேய்ந்திருக்கிறது.

விடுபட்ட சேஞ்ச் கியர்களை (வெட்டும் மரையின் இடைவெளியை அமைப்பவை) தனியாகத் தேடுவது பெரும்பாடு. பல பழைய லேத்துகளில் மரை வெட்டும்போது சாடிலை நகர்த்தும் லீட் ஸ்க்ரூ இஞ்சுக்கு 4 மரை. இதில் 1.5 மி.மீ. மரை வெட்ட வேண்டிய விகிதம் 30-க்கு 127; அதற்கு 127 பல் கியர் வேண்டும். அது இல்லாவிட்டால் 63, 80 பல் கியர்களைக் கலந்து சமாளிக்கலாம், 100 மி.மீ.யில் பிழை 0.0125 மி.மீ.தான். நான்கு தாடைச் சக், ஃபேஸ் பிளேட், நீளத் தண்டைத் தாங்கும் ஸ்டெடி ஆகியவற்றையும் கேட்டு வாங்குங்கள்.

தரைத்தளத்தில் மட்டும் வையுங்கள். தூக்கும்போது பெல்ட்டை பெட்டைச் சுற்றிப் போட வேண்டும். லீட் ஸ்க்ரூவில் பட்டால் அது வளைந்துவிடும். எடை ஹெட்ஸ்டாக் பக்கமே இருப்பதால், சாடிலையும் டெயில்ஸ்டாக்கையும் மறுமுனைக்குத் தள்ளிப் பூட்டுங்கள்.

இறக்கிவைத்து லெவல் பார்த்தபின், 40 மி.மீ. தண்டைச் சக்கில் பிடித்து 120 மி.மீ. வெளியே விடுங்கள். டெயில்ஸ்டாக் முட்டுக் கொடுக்காமல், இரு முனையிலும் ஒரு வளையம் மட்டும் நிற்கும்படி நடுவைக் கடைந்து, ஒரே அமைப்பில் மெல்லிய கடைசி வெட்டு வைத்து இரண்டையும் மைக்ரோமீட்டரில் அளக்கவும். வெளி வளையம் பெரிதாக வந்தால், டெயில்ஸ்டாக் பக்கம் நீங்கள் நிற்கும் ஓரத்துக் காலுக்கு அடியில் மெல்லிய தகடு கொடுத்து உயர்த்துங்கள். சிறிதாக வந்தால் பின் காலுக்கு. வித்தியாசம் 0.01 மி.மீ.க்குள் வந்தபின் போல்ட்டை இறுக்கி, சில வாரம் கழித்து ஒருமுறை இதே சோதனையைச் செய்யுங்கள்; கான்கிரீட் இறங்கியிருக்கும்.